கறுப்புக் கோட்டு மாப்பிள்ளை

அன்றைக்குத் தண்டபாணி குழாய் ரிப்பேர்க்காரர்.

முந்தின நாள் அவர் எதிர்வீட்டுச் சாரதாக்கா. அதற்கு முன்னால் கேஸ் சிலிண்டர் போடுகிறவர், கேபிள் டி.வி.க்கு வசூல் பண்ண வந்தவர், யாரென்றே விளங்காத ஒரு பெரியப்பா. வாழ்நாள் முழுக்க ஓடுகிற ரயிலில் ஏறி, "நீங்க யாரு, ஐ.டி. எடுங்க" என்று ஊரையே அதட்டிய டிக்கெட் பரிசோதகர் அவர். அந்த மனிதருக்கு இப்போது தினமும் ஒரு கதவு, இன்று நீங்கள் யார் என்று சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. இதைவிடப் பெரிய அபராதத்தை ரயில்வேகூட யாருக்கும் போட்டதில்லை என்று தண்டபாணி தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

கதவு இருப்பது பெருந்துறைக்கு வெளியே, 'நிழற்குடை' முதியோர் பராமரிப்பு இல்லத்தில். மறதி நோய்ப் பிரிவில், வேப்பமரம் தெரிகிற அறையில் அவர் மனைவி பூங்கோதை இருக்கிறாள். அவள் காதுக்குப் பின்னால் ஸ்டிக்கர் பொட்டு அளவுக்கு ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள். அதற்கு 'உறவறி' என்று பெயர். பார்க்க வருகிறவர் முதலில் கதவின் கண்ணாடிக்கு வெளியே நிற்க வேண்டும். பூங்கோதை நிமிர்ந்து பார்ப்பாள். பார்த்த மாத்திரத்தில் அவள் மனசில் எந்த முகம் எழுகிறதோ அதை அந்தப் பொட்டு பிடித்துக்கொள்ளும். உடனே வந்தவரின் காதில் மாட்டிவிட்டிருக்கிற கருவியில், ரயில்வே பிளாட்பாரத்தில் அறிவிப்புச் செய்கிற அதே கனிவான பெண் குரல், "வணக்கம். இன்று நீங்கள் குழாய் பழுது பார்க்க வந்திருப்பவர்" என்று சொல்லும். அந்தக் குரலைக் கேட்டாலே தண்டபாணிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அவங்க யாருன்னு நெனைக்கறாங்களோ, அவராவே இருந்துட்டு வந்துருங்க சார். திருத்தாதீங்க," என்று தலைமை நர்ஸ் ரெஜினா முதல் நாளே சொல்லியிருந்தாள்.

"பொய் சொல்லச் சொல்றீங்களாம்மா?"

"நாம எங்கங்க சார் பொய் சொல்றோம்? அவங்க சொல்றதுக்குத் தலையாட்டறோம். நான்கூட காலையில அவங்க அண்ணி, மத்தியானம் டீச்சரு. சம்பளம் என்னமோ நர்ஸுக்குத்தான் வருது."

தண்டபாணி கேட்டால்தானே. யாருடைய பேச்சையும் கேட்டுப் பழக்கமில்லாத உத்தியோகம். முதல் நாளே காதுக்கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நேராக உள்ளே போய், "பூங்கோத, நான்தாண்டி உன்ற வூட்டுக்காரன்!" என்று கையைப் பிடித்தார். அவள் மனசிலிருந்த வீட்டுக்காரனுக்கு முப்பது வயசு, தலை நிறைய முடி. எதிரே நின்றதோ வழுக்கையும் தொந்தியுமாக ஒரு கிழவன். அவள் வீறிட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் பறந்தன. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டு ஆட்கள் வந்து, டிக்கெட் இல்லாமல் ஏறியவனை இறக்குவது மாதிரி அவரை வெளியே கொண்டுவந்து விட்டார்கள்.

"இன்னொருக்கா சிவப்பு எரிஞ்சா, அப்புறம் கண்ணாடிக்கு வெளிய நின்னுதான் பார்க்கோணும். அது இங்க சட்டமுங்க சார். அவங்க நிம்மதிதான் மொதல்ல," என்றாள் ரெஜினா.

அதிலிருந்து தண்டபாணி ஒழுங்காகக் கதவு சொன்னபடி கேட்டு நடந்தார். சாரதாக்காவாக உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தார். பெரியப்பாவாகத் திருநீறு பூசிவிட்டார். இன்றைக்குக் குழாய். பாத்ரூம் குழாய் நிஜமாகவே சொட்டிக்கொண்டிருந்தது. அவர் ஒரு ஸ்பேனரை வாங்கி வைத்துக்கொண்டு, அதற்கு எது தலை, எது வால் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டிலில் உட்கார்ந்தபடி பூங்கோதை சொன்னாள். "வாசர் தேஞ்சிருக்குமுங்க. மாத்திப்போட்டா நின்னுக்கும்."

"ஆமாங்க, அதேதான் நானும் நெனச்சேன்," என்றார் தண்டபாணி. வாசர் என்பது உள்ளே எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

"என்ற வூட்டுக்காரரு ஒருத்தரு இருக்கறாருங்க. ஊருல இருக்கறவன் டிக்கெட்டையெல்லாம் பொரட்டிப் பொரட்டிப் பார்ப்பாரு. வூட்டுல குழாய் ஒழுகறத ஒருநாளும் திரும்பிப் பார்க்க மாட்டாரு."

"அவருக்கு வேலை சாஸ்தியா இருந்திருக்குமுங்க."

"என்ன வேலை? ரயிலு ஓடுது, இவரு உள்ளார நிக்கறாரு. பேச்சைக் கேட்டீங்கன்னா, இவருதான் ரயிலைத் தள்ளிக்கிட்டுப் போற மாதிரி இருக்கும்."

தண்டபாணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நல்ல நையாண்டி தன் வீட்டுக்குள்ளேயே இத்தனை வருஷம் குடியிருந்திருக்கிறது, தனக்குத்தான் கேட்கவில்லை. கூடவே நெஞ்சில் ஒரு குத்தும் இருந்தது. மனைவி புருஷனைப் பற்றிக் குழாய்க்காரரிடம் மனசு விட்டுப் பேசுகிறாள், புருஷனிடம் பேச மாட்டேன் என்கிறாள். அந்தக் குழாய்க்காரரும் தானேதான் என்பதில் அவருக்கு ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை.

வெளியே வந்ததும் ரெஜினா டீ கொடுத்தாள். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். "ஏம்மா, அந்தக் கதவு ஒருநாளாச்சும் என்னை 'கணவர்'னு சொல்லுமா?"

"சொல்லலாமுங்க சார். சொல்லாமயும் போலாம். அவங்க நெனப்புல இருக்கற மூஞ்சி வேற, உங்க மூஞ்சி வேற. அந்த ரெண்டும் ஒருநா ஒட்டிக்கிச்சுன்னா அது சொல்லும்."

"ஒரேயொரு வாட்டி சொன்னாப் போதும்மா. அப்புறம் எனக்கு எதுவும் வேண்டாம்."

அவருக்கு வேறு ஆசையே இல்லை. ஒரே ஒரு தடவை, அந்தப் பிளாட்பாரக் குரல், 'இன்று நீங்கள் இவருடைய கணவர்' என்று சொல்ல வேண்டும். உள்ளே போய்க் கணவனாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும்.

அன்று மாலை பெருந்துறை ஹார்டுவேர் கடையில் வாசர் வாங்கும்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. அவள் தேடுவது பழைய ஆளை. சரி, பழைய ஆளாகவே போய்விட்டால்? வீட்டுக்கு வந்து பீரோவைக் குடைந்து ரயில்வே கறுப்புக் கோட்டை எடுத்தார். பொத்தான் தொந்தியைச் சுற்றிவர மறுத்தது, திறந்தே விட்டார். மீசைக்கு மை. வழுக்கைக்கு என்ன செய்வது? பக்கத்து முடியை வரவழைத்து, நடுவில் பாலம் கட்டினார்.

ஓசூரிலிருந்து வீடியோவில் வந்த மகள் யாழினி, அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அப்பா, கல்யாண மண்டபத்து வாசல்ல கும்பிட்டுக்கிட்டு நிக்குமே ஒரு பொம்மை, அது மாதிரியே இருக்கீங்க."

"உனக்கென்ன தெரியும்? உங்கம்மா இந்தக் கோட்டைப் பார்த்துத்தான் மயங்கினா."

"அம்மா அப்படிச் சொன்னாங்களா?"

"அதெல்லாம் சொல்லோணுமா?" என்றார் தண்டபாணி.

மறுநாள் டிரைவர் இல்லாத பஸ்ஸில், சித்திரை வெயிலில், கறுப்புக் கோட்டில் வேர்வை ஒழுக ஒழுகப் போய் இறங்கினார். கண்ணாடிக்கு முன்னால் நின்று மூச்சை உள்ளே இழுத்துத் தொந்தியை அடக்கினார். பூங்கோதை நிமிர்ந்தாள். கோட்டைப் பார்த்தாள். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தாள்.

காதில் குரல் வந்தது. "வணக்கம். இன்று நீங்கள், பெண் பார்க்க வந்திருக்கும் மாப்பிள்ளை."

அடடா! தண்டபாணிக்குக் கால் தரையில் பாவவில்லை. கணவர் இல்லைதான். ஆனால் அடுத்த ஸ்டேஷன் அதுதானே? சாரதாக்காவிலிருந்து மாப்பிள்ளை என்றால் எத்தனை பெரிய பிரமோஷன்!

அந்தப் பெண் பார்த்த நாள் அவர் வாழ்க்கையின் வெற்றித் திருநாள். வேலை கிடைத்த புதுசு. தனக்குக் கவர்ன்மெண்ட் உத்தியோகம் என்பது பெண் வீட்டுக்குத் தெருமுனையிலேயே தெரிந்துவிட வேண்டும் என்று, கொளுத்துகிற சித்திரையில் கறுப்புக் கோட்டோடு பெண் பார்க்கப் போன ஒரே ஆள் காங்கேயம் வட்டாரத்திலேயே அவராகத்தான் இருப்பார். மாமனார் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தார். தண்டபாணி ரயில்வே பரீட்சையில் தான் எப்படிப் பாஸ் பண்ணினார் என்பதை ஆதியோடு அந்தமாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே தட்டிலிருந்த பஜ்ஜி முழுவதையும் சாப்பிட்டார். பெண் தலையைக் குனிந்தபடி வந்து, குனிந்தபடி காப்பி வைத்துவிட்டு, குனிந்தபடி போய்விட்டது. வெட்கம் என்று எல்லோரும் சிரித்தார்கள். அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள்.

ரெஜினாவுக்கும் அவள் காதில் சேதி வந்திருந்தது. சமையலறையில் நல்லவேளையாக அன்றைக்கு வாழைக்காய் பஜ்ஜி. தலையில் நர்ஸ் தொப்பியோடு, பூங்கோதையின் அண்ணியாக, தட்டை எடுத்துக்கொண்டு வந்து வைத்தாள். "பொண்ணும் மாப்பிள்ளையும் ரெண்டு வார்த்தை பேசிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு வாசலோரம் நகர்ந்துகொண்டாள்.

தண்டபாணி படபடப்பில் ஒரு பஜ்ஜியை எடுத்தார். அது தீர்ந்ததும் இன்னொன்று. பூங்கோதை இந்தத் தடவை தலையைக் குனியவில்லை. நரைத்த தலையை நிமிர்த்தி, அவரை நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறதி அவளிடமிருந்து என்னென்னவோ எடுத்துக்கொண்டு போனதில், பயத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது போலிருந்தது.

"ஏனுங்க, இந்த வெயில்ல எதுக்குங்க கோட்டு?" என்று கேட்டாள்.

"ரயில்வேங்க. கவர்ன்மெண்ட்டு," என்றார் அவர்.

"இப்பப் பொண்ணு பார்க்கத்தான வந்தீங்க? என்கிட்ட டிக்கெட் கேக்கப் போறீங்களா?"

வாசலோரத்தில் ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டாள். தண்டபாணி கடைசிப் பஜ்ஜியை விழுங்கினார். அவருக்கு ஒரே ஒரு வார்த்தை வேண்டும். அன்றைக்குக் கேட்காமலே கிடைத்துவிட்டது என்று நினைத்திருந்த வார்த்தை. இன்றைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டால் நாளைக்குக் கதவு 'கணவர்' என்று சொல்லித்தானே ஆக வேண்டும்? ரிசர்வேஷன் கவுண்டரில் முதல் ஆளாக நிற்கிற நம்பிக்கையோடு அவர் கேட்டார்.

"உங்களுக்குச் சம்மதமுங்களா?"

பூங்கோதை யோசிக்கவேயில்லை. "இல்லீங்க," என்றாள்.

தண்டபாணிக்குப் பஜ்ஜி பாதி வழியில் நின்றது.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மேல ஒண்ணுமில்ல. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில வேலை கெடைச்சிருக்குது. பனியன்ல பொம்மை போட்டுத் தர்ற வேலை. நான் போட்டு அனுப்பிச்சதப் பார்த்துட்டுக் கூப்பிட்டிருக்கறாங்க. அப்பாகிட்ட இன்னும் சொல்லல." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்கு ஒரு ஒதவி பண்றீங்களா? நீங்களே போயி, பொண்ணு புடிக்கலைன்னு சொல்லிப்போடுங்க. நான் சொன்னா எங்கப்பா காதுலயே வாங்க மாட்டாரு. நீங்க சொன்னா ஊரே கேட்டுக்கும்."

அப்படி ஒரு வேலையைப் பற்றி இத்தனை வருஷத்தில் அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இல்லை, சொல்லியிருப்பாள், ரயில்வே பரீட்சைக் கதைக்கு நடுவில் அவர் கேட்டிருக்க மாட்டார். அவர் கதவுக்கு மேலே பார்த்தார். விளக்கு பச்சையில் இருந்தது. 'ஏய் பூங்கோத, அரக்கோணம் குவார்ட்டர்ஸ்ல குடித்தனம் பண்ணினது, யாழினியைப் பெத்தது, எல்லாம் மறந்துட்டியா' என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் சிவப்பு எரியும்.

"சரிங்க. நானே சொல்லிடறேன்," என்றார்.

பூங்கோதை சிரித்தாள். முகம் முழுக்க, கண் முழுக்க ஒரு சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பைத் தண்டபாணி கல்யாண ஆல்பத்தில்கூடப் பார்த்ததில்லை. தன்னைக் கட்டிக்கொண்டதற்குக் கிடைக்காத சிரிப்பு, கட்டிக்கொள்ளாமல் போவதற்குக் கிடைக்கிறது. அவருக்கு அழுகை வந்தது. எழுந்து நடக்கும்போது கண் தெரியாமல் கதவு நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் அவருடைய கெட்ட காலமா, பூங்கோதையின் நல்ல காலமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவள் நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தாள். சாயங்காலம் வந்தால் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழுவது நின்றது. பென்சில் கேட்டு வாங்கி, கிடைத்த காகிதத்திலெல்லாம் பனியனுக்குப் படம் போட்டாள். குடை பிடித்த ஆடு, சைக்கிள் ஓட்டுகிற பூசணிக்காய், கழுத்தில் டை கட்டிய கோழி. தலையணை உறையில்கூட ஒரு கோழி நின்றது. மற்ற அறைப் பெரியவர்களெல்லாம் அவளிடம் ஆர்டர் கொடுத்தார்கள்.

புருஷனைப் பற்றிய பேச்சு மட்டும் அடியோடு போய்விட்டது. சாரதாக்காவாகப் போனபோது தண்டபாணி மெல்லத் தூண்டிலைப் போட்டுப் பார்த்தார். "உங்க வூட்டுக்காரரு எங்க, ட்யூட்டிக்குப் போயிட்டாருங்களா?"

"எனக்கு எங்க கல்யாணமாச்சுக்கா?" என்று அவள் சிரித்தாள்.

திட்டவாவது ஒரு புருஷன் இருந்தான். இப்போது அவனும் இல்லை. திட்டு வாங்குகிற சுகத்தைத் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்ட மடையன் உலகத்திலேயே நான் ஒருத்தன்தான் என்று தண்டபாணி பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை யாழினி வந்தாள். கண்ணாடி முன்னால் நின்றாள். காதில் சொன்னதைக் கேட்டு முகம் மாறியது. உள்ளே போய் நெடுநேரம் சிரித்துப் பேசிவிட்டு வந்து, பெஞ்சில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

"யாருன்னு சொல்லுச்சு?" என்று கேட்டார்.

"காலேஜ் ஹாஸ்டல்ல கூட இருந்த பொண்ணாம். போன வாரம் வரைக்கும் மகள்னு சொல்லுச்சுப்பா. அம்மாவுக்குக் கல்யாணமே ஆகலைன்னா நான் எங்கிருந்து வர்றது?"

தனக்கு வேண்டியதைக் கேட்கப் போய், மகளுக்கு இருந்ததையும் பிடுங்கிவிட்டு வந்திருக்கிறார். அது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்தக் கோட்டைக் கொளுத்தினால் என்ன என்று தோன்றியது.

"கல்யாண வீடியோ இருக்குதில்ல? அதை அம்மா ரூம் சுவத்துல பெருசா ஓட விடலாம்," என்றார். "தாலி கட்டறதப் பார்த்தா எல்லாம் திரும்பி வந்துராதா?"

யாழினி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். "அப்பா, அம்மா அன்னிக்கே இப்படித்தான் சொல்ல நெனச்சிருப்பாங்களா? நிஜமா அந்தக் காலத்துல?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் கேக்கவே இல்லையே," என்றார் தண்டபாணி. கேலியாகத்தான் சொல்ல நினைத்தார். கேலியாக வரவில்லை.

மறுநாள் பென்டிரைவை எடுத்துக்கொண்டு ரெஜினாவிடம் போனார். அவள் அதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"போடலாமுங்க சார். நீங்க புருஷன், உங்களுக்கு உரிமை இருக்குது. ஞாபகம் வந்தாலும் வரும். ஆனா ஒண்ணு, வேண்டாம்னு சொல்லிட்டு நிம்மதியா இருக்கற பொண்ணு, தனக்கே தாலி கட்டறத சுவத்துல பார்த்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியலீங்க. சிவப்பு எரிஞ்சா அப்புறம் கண்ணாடிதான்."

"தெரியும்மா."

"அப்பவும் போடறதுங்களா?"

"போடும்மா. நான் அவ புருஷன். எத்தனை நாளைக்குத்தான் சிலிண்டர் தூக்கிட்டு வர்றது?"

"சரிங்க. காப்பி நேரம் முடிஞ்சதும் போடறேன். அதுக்குள்ள ஒருக்கா பார்த்துட்டு வந்துருங்க," என்றாள் ரெஜினா.

அவர் கண்ணாடி முன்னால் போய் நின்றார். கோட்டு இல்லை, மை இல்லை, பாலம் இல்லை. வெறும் கசங்கின சட்டையும் வழுக்கையும். பூங்கோதை நிமிர்ந்தாள்.

"வணக்கம். இன்று நீங்கள் குழாய் பழுது பார்க்க வந்திருப்பவர்."

சரிதான், பழைய ட்யூட்டி. அன்றைக்கு வாங்கிய வாசர் இன்னும் பையிலேயே கிடந்தது. கடைக்காரர் சொல்லிக்கொடுத்தபடி தண்ணீரை அடைத்து, குழாய்த் தலையைத் திருகிக் கழற்றி, தேய்ந்ததை எடுத்துவிட்டுப் புதுசைப் போட்டார். இரண்டு தடவை கீழே போட்டுத் தேடினார். மூன்றாவது தடவை அது உட்கார்ந்துகொண்டது. குழாயைத் திறந்து மூடினார். சொட்டவில்லை.

பூங்கோதை எழுந்து வந்து குழாய்க்கு அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "அட, சொட்டலீங்களே! கெட்டிக்காரருங்க நீங்க."

கெட்டிக்காரர்! இந்தப் பட்டத்துக்காகத்தானே ரயில்வே பரீட்சைக் கதையை ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்? அது கடைசியில் குழாய்க்காரருக்குப் போய்ச் சேர்ந்தது. தண்டபாணிக்கு அந்த ஆள் மேல் பொறாமையாக இருந்தது.

அவள் கட்டிலில் உட்கார்ந்து படம் போட ஆரம்பித்தாள். போட்டுக்கொண்டே பேசினாள்.

"அன்னிக்கு ஒருத்தரு வந்தாருங்க, என்னையப் பொண்ணு பார்க்க. இந்த வெயில்ல கறுப்புக் கோட்டு. பஜ்ஜி அத்தனையும் தின்னுபோட்டாரு."

"அப்படியுங்களா?" என்றார் தண்டபாணி. ஸ்பேனரைத் துடைப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான் வேண்டாம்னுட்டேன். எங்கப்பாகிட்ட அவரையே சொல்லச் சொன்னேன். கோவிச்சுக்கவே இல்லீங்க. சரின்னு எந்திரிச்சுப் போயிட்டாரு. போறப்ப நெலையில மண்டைய இடிச்சுக்கிட்டாரு, பாவம்." பென்சிலை நிமிர்த்திப் பிடித்தாள். "ஒண்ணு சொல்றேன் கேளுங்க. வேணுமா வேண்டாமான்னு இதுவரைக்கும் என்னைய ஒருத்தரும் கேட்டதில்லீங்க. அந்த மனுசன் கேட்டாரு."

தண்டபாணி ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அப்பப் புடிச்சிருந்துச்சுங்களா அவரை?"

"புடிக்கறதுக்கு அரை மணி நேரத்துல என்னங்க தெரியும்? மொதல்ல வேலைக்குப் போகோணும். ஆறு மாசம் கழிச்சு வந்தாருன்னா பார்க்கலாம். நீங்க ஊரெல்லாம் போறவரு, அவரைப் பார்த்தா இதைக் குடுத்துருங்க."

காகிதத்தை நீட்டினாள். ஒரு பனியன் வரைந்திருந்தாள். பனியன் மேலேயே ஒரு கறுப்புக் கோட்டு. காலர், பொத்தான், சட்டைப்பையில் பேனா, நெஞ்சில் ரயில்வே வில்லை, எல்லாம் அச்சாக இருந்தது. பொத்தான்கள் தொந்தியைச் சுற்றி ஒழுங்காக மாட்டியிருந்தன.

"கோட்டு போட்ட மாதிரியும் இருக்கும், வேர்க்கவும் வேர்க்காது," என்றாள் பூங்கோதை. "அவருக்குக் கோட்டு இல்லாமப் பேச வராது போல. அதுக்குத்தான்."

தண்டபாணி காகிதத்தை வாங்கிக்கொண்டார்.   "கண்டிப்பாக் குடுத்துடறேனுங்க. அப்புறம், பஜ்ஜியைப் பத்தி ஏதாச்சும் சொல்லோணுங்களா?"

"அடுத்த தடவை எனக்கும் ரெண்டு வைக்கச் சொல்லுங்க," என்றாள்.

ஆறு மாசம் என்று சொல்லியிருக்கிறாள். இந்த அறையில் அது நாளைக்கே வரலாம், வராமலே போகலாம். அவர் பையை எடுத்துக்கொண்டு, இந்தத் தடவை நிலையில் இடிக்காமல் குனிந்து வெளியே வந்தார்.

காப்பி நேரம் முடிந்திருந்தது. சுவருக்கு இணைப்புக் கொடுக்கிற பெட்டியைத் திறந்து, பென்டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு ரெஜினா நின்றாள்.

"இன்னிக்கு யாருங்க சார்?"

"பிளம்பர்தான். குழாய் சொட்டறது நின்னிருச்சு, போய்ப் பாரு," என்றார். மார்பு கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

"மாப்பிள்ளை கதை என்னாச்சுங்க?"

"ஆர்.ஏ.சி. கன்ஃபர்ம் ஆகலை. ஆனா உக்கார எடம் குடுத்திருக்கறா."

ரெஜினாவுக்குப் புரிந்ததோ என்னவோ, அவர் கையிலிருந்த படத்தை வாங்கிப் பார்த்தாள்.  பிறகு கேட்டாள். "அப்ப வீடியோவப் போட்டுறட்டுங்களா சார்?"

தண்டபாணி கையை நீட்டிப் பென்டிரைவை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"வேண்டாம்மா. பொண்ணு இன்னும் சரின்னே சொல்லல. அதுக்குள்ள கல்யாண வீடியோவைப் போட்டா நல்லாவா இருக்கும்?"